எடை குறைவது முதலா, மூச்சுத்திறன் கூடுவது முதலா?

அரவேணு அம்மா:
என் மகனுக்கு 14 வயது, எடை 79 கிலோ. சென்ற வாரம் பள்ளியில், ஒலி கேட்கும்போதெல்லாம் 20 மீட்டர் ஓடித் திரும்பும் சோதனை வைத்தார்கள். மூன்றாம் நிமிடத்திலேயே முழங்காலில் கைகளை ஊன்றி நின்றுவிட்டானாம். எடை குறையும்வரை ஓட்டம் வேண்டாம், இரவுச் சாப்பாட்டை நிறுத்து என்கிறார் அவன் அப்பா. எடையை மறந்துவிட்டு ஓட்டத்தைக் கவனியுங்கள் என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். யார் சொல்வதைக் கேட்பது? அவன் பின்கழுத்து கறுத்திருப்பதை அழுக்கென்று நினைத்து, இரண்டு மாதமாகக் கடலைமாவு போட்டுத் தேய்த்து வருகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

குன்னூர் விளையாட்டாசிரியர்:
அம்மா, உங்கள் ஆசிரியர் சொன்னதே சரி. சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். உடற்பருமன் உள்ள பிள்ளைகளில் பலருக்கு, இன்சுலின் வந்து தட்டினாலும் தசை எளிதில் கதவைத் திறப்பதில்லை. ஆனால் ஓடும்போதும் ஏறும்போதும் சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் ஓடினால் அதன் பயன் ஓரிரு நாள்வரை நிற்கும். எடை இயந்திரத்தின் முள் அசையாவிட்டாலும், கல்லீரலில் படிந்த கொழுப்பு உடற்பயிற்சியால் குறைவதுண்டு.

உதகை ஆய்வக ஊழியர்:
முதலில் அந்தக் கழுத்து. அது அழுக்கன்று, சகோதரி. தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். இரத்தத்தில் இன்சுலின் மிகும்போது பருமனான பிள்ளைகளின் கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுப்பது வழக்கம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு வகைகள், கல்லீரல் நொதி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

இனி ஆசிரியருக்கு. எடையை மறக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதுகில் 25 கிலோ கொழுந்து மூட்டையோடு ஒருவனை ஓடவிட்டு, அவன் இதயம் பலவீனம் என்று தீர்ப்பெழுத முடியுமா? ஓட்டச் சோதனை இதயத்தை மட்டும் அளப்பதில்லை, சுமையையும் சேர்த்தே அளக்கிறது. ஸ்வீடனில் இராணுவச் சேவைக்கு வந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சராசரியாக 29 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே அளந்தது ஓட்டத்தை அன்று, நிலையான மிதிவண்டியில் மிதிக்கும் திறனை. உடலைச் சுமக்கும் கணக்கே அதில் பெரிதாக இல்லை. அப்படியிருந்தும், திறன் மிகுந்த பருமனானவர்களைவிடத் திறன் குறைந்த சாதாரண எடையுள்ளவர்களே குறைவாக இறந்திருந்தார்கள்.

குன்னூர் விளையாட்டாசிரியர்:
அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அது 18 வயது ஆண்களின் பிற்கால மரணத்தைப் பற்றியது. இந்த அம்மாவின் கவலை, 14 வயதுப் பையனுக்கு இந்த ஆண்டில் என்ன செய்வது என்பது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில், எடை மிகுந்த 222 சிறுவர் சிறுமியரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2012இல் வெளியிட்டார்கள். பள்ளி நாள்களில் 20 நிமிடமோ 40 நிமிடமோ மூச்சு வாங்க விளையாடிய இரு பிரிவினருக்கும், ஏறத்தாழ 13 வாரங்களில், இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு குறைந்தது; கூடுதல் நேரம் விளையாடியவர்களுக்குப் பயனும் கூடியது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் வளரும் பையனுக்குக் கொழுப்போடு தசையும் கரையும். சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டிய உறுப்பையே கரைத்துவிட்டு எதைச் சாதிக்கப் போகிறோம்? எடை இப்படியே நின்று உயரம் கூடினாலே பாதி வெற்றிதான். இன்னொன்று: சமவெளிப் பிள்ளைகளுக்கு வகுத்த ஓட்ட அட்டவணையை மலைப் பிள்ளைகள்மேல் அப்படியே பொருத்தக் கூடாது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்துக்குப் பழகிய உடலானாலும், உச்ச வேகத்தில் எடுக்கும் ஆக்ஸிஜன் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

உதகை ஆய்வக ஊழியர்:
பட்டினி கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மலையில் வாழ்கிறோம், நடை தானாக நடக்கும் என்ற நம்பிக்கையில் இங்கே பல வீடுகள் ஏமாந்திருக்கின்றன. பள்ளி வாசலில் மினி பஸ், வீட்டு வாசலில் ஜீப், மாலை நான்கு மணிக்கு பேக்கரியில் வர்க்கியும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும். எடை இயந்திரம் வேண்டாமென்றால் ஒரு நாடா எடுத்து இடுப்பையாவது அளந்துவையுங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

கொடைக்கானல் மாணவன்:
நான் அந்தப் பையனாக இருந்தவன், இப்போது 19 வயது. ஓட்டச் சோதனையில் நான் நின்றது மூச்சு முட்டியதால் மட்டுமன்று. சட்டை வயிற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதை வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அதன்பிறகு ஓராண்டு மைதானத்துக்கே போகவில்லை. பிறகு என் மாமா விடியற்காலை மூடுபனியில் என்னை ஏரிக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். முகம் தெரியாத பனியில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய துணிவாக இருந்தது. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இரண்டு மின்கம்பம்வரை ஓட்டம், ஒரு மின்கம்பம்வரை நடை. எட்டு மாதத்தில் எடை நான்கு கிலோதான் குறைந்தது, ஆனால் இரத்தக் கொழுப்பு வரம்புக்குள் வந்துவிட்டது. ஆசிரியர் ஐயா, தயவுசெய்து இத்தகைய பிள்ளைகளைத் தனியாக ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

குன்னூர் விளையாட்டாசிரியர்:
தம்பி, இதை நான் இதுவரை யோசித்ததில்லை. அடுத்த சோதனையை அப்படியே வைக்கிறேன்.

அரவேணு அம்மா:
எல்லோருக்கும் நன்றி. அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம். திங்கள் முதல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, நானும் அவனும் மேட்டில் நடந்து வரப்போகிறோம். இரவில் ராகிக் களியும் கீரையும் உண்டு, பட்டினி இல்லை. இரத்தம் கொடுக்கும் காலையில் தண்ணீராவது குடிக்கலாமா?

உதகை ஆய்வக ஊழியர்:
வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்; டீ மட்டும் வேண்டாம். முந்தைய இரவு ஒன்பதுக்குள் சாப்பிட்டுவிட்டு, காலை ஏழரைக்கு வந்தால் போதும்.