மறு: மறு: என்றும் அழியாத வேதிப்பொருளுக்கு ஒரு சொல் (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம். பிள்ளைகளின் கண்காட்சித் துண்டறிக்கை நாளைக் காலை மஞ்சக்குப்பம் அச்சகத்துக்குப் போகிறது. குடிநீரிலிருந்து பிஎஃப்ஏஎஸ் எனப்படும், ஃபுளூரின் கொண்ட செயற்கைச் சேர்மங்களை நீக்குவது பொருள். கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு லேசில் அறுவதில்லை. அதனால்தான் 'என்றும் அழியாத' என்ற பட்டம். சுருக்கமாக ஒரு சொல் வேண்டும். அவற்றைப் பிடித்துவைக்கிற, மீண்டும் பயன்படுத்தக்கூடிய கரி, பிசின் (ரெசின்) வகைகளுக்கும் பொதுவாக ஒன்று.
– கடலூர் ஆசிரியை

அம்மா, தேடுவானேன்? வள்ளுவர் 'சாவா மருந்து' தந்திருக்கிறார். இது 'சாவா நஞ்சு'. பிடித்துவைப்பது 'தேற்றி'. தேறு (தெளி) தன்வினை, தேற்று (தெளியவை) பிறவினை. 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்ற' என்கிறது கலித்தொகை. இல்லம் இங்கே வீடன்று, தேற்றா மரம். காழ் அதன் கொட்டை. என் பாட்டி பானையின் உள்பக்கத்தில் அந்தக் கொட்டையை இழைப்பார். விடிந்தால் வண்டல் அடியில் கிடக்கும். மரத்தால் வினை வந்ததா, வினையால் மரம் பெயர் பெற்றதா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.
– புதுச்சேரி

புலவர் ஐயா, 'சாவா நஞ்சு' என்று கரும்பலகையில் எழுதினேன். "குடித்தால் சாகமாட்டோமா, டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண். அவள் மேல் தவறில்லை. சாவா மருந்து, உண்டவரைச் சாகாமல் காப்பது. அதே பெயரெச்ச வழியில் சாவா நஞ்சு என்றால்? இவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏவுக்கே அமெரிக்கா 2024இல் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது ஐயா, குடித்தால் சாவில்லை என்று படிக்க விடலாமா? தேற்றியும் சரிவராது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் திரட்டி இறக்கும். இவையோ பளிங்கு போன்ற நீரிலும் கரைந்து கிடப்பவை. கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்பவை. பாடநூலில் 'பரப்புக் கவர்தல்' இருக்கிறது, ஆகவே 'கவர்பொருள்'. 'உறிஞ்சி' வேண்டாம், பஞ்சு நினைவுக்கு வருகிறது. முதலாவதற்குச் 'சிதையா வேதிப்பொருள்' போடட்டுமா?

'கெமிக்கல்' என்றே போடுங்கள். வாசிக்கப்போவது கேன் தண்ணீர் வாங்குபவர்கள். இன்னொன்று: பிசினைக் கழுவி மீட்டால் சேர்மம் கழுவிய நீருக்குப் போகிறது, அவ்வளவுதான். கடைசியில் கடும் வெப்பத்திலோ வேறு வழியிலோ அதைச் சிதைத்தே ஆகவேண்டும். சிதையாததை எப்படிச் சிதைப்பது என்று அந்தப் பெண் கேட்பாளே?
– நெய்வேலி

'எளிதில் சிதையா' என்று மாற்றிவிட்டேன். பெட்டிக்குள் அடங்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினேன். கவர்பொருளுக்கு நால்வர் ஆதரவு. அச்சகம் ஒன்பதரைக்குத் திறக்கும்.

அம்மா, அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் 'வாடா மலர்' என்கிறோமே, வாடாதது மலரா, சூடியவளா?
– புதுச்சேரி