இலத்திரனின் ஸ்பின்: விசைத் துணிப்பு கைகொடுத்த இடம்

யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "சேர், இலத்திரன் ஒரே நேரத்தில மேலயும் கீழயும் சுத்துமாம், உண்மையோ?" அண்மையில் ஒரு மாணவி கேட்டபோது விளக்கம் நல்லாய் அமைந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஸ்பின் என்பது இலத்திரனுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தம்; அதனால் அது சின்னக் காந்தம் போல நடக்கும். பெயரைக் கேட்டதும் மனதில் வரும் சுழலும் பந்தை முதலில் மறக்கச் சொன்னேன். இலத்திரன் உண்மையிலேயே அப்படிச் சுழன்றால் அதன் மேற்பரப்பு ஒளியை விட வேகமாக ஓட வேண்டிவரும். அப்புறம் 1922 இல் பிராங்ஃபர்ட்டில் ஸ்டேர்னும் கெர்லாக்கும் செய்த சோதனை. சூளையில் ஆவியாக்கிய வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தினூடாக அனுப்பினார்கள். வெள்ளியின் 47 இலத்திரன்களில் 46 இன் விளைவு ஒன்றையொன்று நீக்கிவிடும். மிஞ்சிய ஒன்றுதான் கணக்கு. அது சின்னக் காந்தம் போல எந்தத் திசையிலும் நிற்கலாம் என்றால், தட்டில் தொடர்ச்சியான ஒரு பூச்சு விழ வேண்டும். கற்றையோ இரண்டாகப் பிரிந்தது. மேல், கீழ். இடையில் ஒன்றுமில்லை. ஸ்பின் என்ற கருத்தை ஊலென்பெக்கும் கௌட்ஸ்மிற்றும் முன்வைத்தது 1925 இல்தான்.

இனி முக்கியமான இடம். 'மேல்' அணுக்களை மட்டும் எடுத்து, கிடையாகத் திருப்பிய காந்தத்தினூடாக அனுப்பினால் பாதி வலம், பாதி இடம். வலம் போனதை மட்டும் மறுபடி நிலைக்குத்துக் காந்தத்துக்குள் விட்டால் பாதி 'கீழ்' ஆக வருகிறது!

"அப்ப அதுக்குள்ள கீழ் முதலே ஒளிஞ்சிருந்ததோ, சேர்? எங்களுக்குத்தான் தெரியேல்லையோ?"

இல்லை. வலம், இடம் இரண்டு கற்றைகளையும், எது எந்த வழியால் போனது என்று அளக்காமல், கவனமாக ஒன்றுசேர்த்தால் எல்லா அணுக்களும் திரும்ப 'மேல்'தான். பாதி உண்மையில் வலம், மீதி உண்மையில் இடம் என்றால், கடைசியில் பாதி கீழே வந்திருக்க வேண்டும். இந்த வகைச் சோதனைகளை நியூத்திரன்களில் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு விசைத் துணிப்பை, அதாவது ஒரு விசையை இரண்டு திசைக் கூறுகளாகப் பிரிப்பதை, நினைவூட்டினேன். "கொப்பியில 45 பாகையில ஒரு விசை கீறும். கிடையாயும் நிலைக்குத்தாயும் துணியும். இப்ப அது எத்தினை விசை?"

"ஒண்டுதான் சேர்."

அதேதான். 'வலம்' என்பது ஐயமில்லாத ஒரு நிலை. மேல், கீழ் என்ற அச்சுகளில் துணித்துப் பார்க்கும்போதுதான் அது இரண்டின் மேற்பொருந்துகையாக, அதாவது இரண்டும் கூறுகளாகச் சேர்ந்த ஒரே நிலையாக, தெரிகிறது. கூறு ஒவ்வொன்றும் 1/√2, வர்க்கித்தால் நிகழ்தகவு 1/2. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சுழல்கிறது என்ற பேச்சு இந்த இடத்தைத்தான் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிஜ வெளியில் 'மேல்', 'கீழ்' திசைகளுக்கு இடையில் 180 பாகை. நிலைகளை வரையும் படத்தில் அவை ஒன்றுக்கொன்று செங்குத்து, அதாவது 90. எல்லாக் கோணமும் பாதியாகிவிடும். இதைக் கேட்டதும் 'மேல்' அணுக்களுக்குக் காந்தத்தை 60 பாகை சரித்தால் அந்தத் திசையில் 'மேல்' வரும் நிகழ்தகவு என்ன என்று அந்த மாணவியே கணக்கெடுத்தா: 30 இன் கோசைன், வர்க்கம், 3/4. சரியான விடை.

இரண்டு இலத்திரன்கள் பின்னிய நிலைக்கு, அதாவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலை சொல்ல முடியாதபடி இணைந்த நிலைக்கு, இந்தப் படம் போதாது. அதை உயர்தரப் பிள்ளைகளுக்கு விளக்கிய அனுபவம் உள்ள ஆசிரியர்கள் எழுதினால் எனக்கும் உதவும்.