ஜப்பானின் அரிசி மதுவான சாக்கே குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: குளிரவா, சூடாகவா?

ஒசாகாவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் கோபேயின் நாதா, இன்னொரு பக்கம் கியோட்டோவின் ஃபுஷிமி. சாக்கேவுக்குப் பேர்போன இரண்டு இடமும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

நாதாவில் மியாமிசு என்ற கடின நீரில் வடிக்கிறார்கள். அதிலுள்ள தாது உப்புகளால் ஈஸ்ட் வேகமெடுத்துச் சர்க்கரையைத் தின்று தீர்க்கும். சரக்கு இனிப்பே இல்லாமல் கறாராக இறங்குகிறது. ஃபுஷிமி தண்ணீர் அதைவிட மென்மை, நொதிப்பதும் நிதானமாக. குடித்தால் வழவழவென்று லேசான தித்திப்பு. முன்னதை ஆண் சாக்கே, பின்னதைப் பெண் சாக்கே என்பது அவர்கள் வழக்கம். எனக்கு அந்தப் பெயர்கள் ரசிக்கவில்லை. ஆனால் வித்தியாசம் நாக்குக்கு நன்றாகவே தெரிகிறது.

அடுத்து, பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதம். அரிசியைத் தீட்டியபின் மிஞ்சும் அளவு அது. கின்ஜோ என்ற உயர்ரகத்துக்கு 60 அல்லது அதற்குக் கீழே, அதற்கும் மேலான டாய்கின்ஜோவுக்கு 50 அல்லது அதற்குக் கீழே. பாதி அரிசியை மாவாக்கித் தள்ளிவிட்டு மீதியில் வடித்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? முதல் வாயில் ஆப்பிள், வாழைப்பழ வாசனை, அபாரம்தான். ஆனால் உப்புப் போட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி வந்ததும் அந்த வாசனையே இடைஞ்சலாகிவிட்டது. பிறகு 45 டிகிரி சூட்டில் ஒரு யமஹாய் ஜுன்மாய் கொடுத்தார்கள். ஜுன்மாய் என்றால் தனியாக ஆல்கஹால் சேர்க்காதது, யமஹாய் என்றால் பழைய முறையில் தானாகப் புளிக்க விட்டு வடிப்பது. புளிப்பும் சோற்று மணமும் மீனோடு அப்படிச் சேர்ந்தன. டாய்கின்ஜோ விலையில் பாதிகூட இல்லை. என் ஓட்டு அதற்கே.

*

மேலே சொன்னவருக்கு நிகாத்தா மாகாணத்துப் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. எச்சிகோ-யுசாவா ரயில் நிலையத்துக்குள்ளேயே சுவர் நிறைய சாக்கே எந்திரங்கள். நான் போனபோது 500 யென்னுக்கு 5 டோக்கன். டோக்கனைப் போட்டால் சின்னக் கோப்பை நிறையும். தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய், மிசோ என்ற சோயா விழுது, விதவிதமான உப்பு. இந்தப் பக்கத்துச் சரக்கு பெரும்பாலும் மெலிசு, இனிப்பு குறைவு. சில்லென்று குடித்துவிட்டு ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பாருங்கள், சூடாக்கும் எண்ணமே வராது. கூடவே கலங்கலான நிகோரியும், பல வருஷம் வைத்துப் பழுப்பேறிய கோஷுவும் கிடைத்தன. நிகோரி நம் ஆட்களுக்கு உடனே பிடிக்கும். கோஷுவில் சோயா சாஸ் வாசனை அடித்தது, எனக்கு ஒத்துவரவில்லை.

*

மட்டச் சரக்கைத்தான் சூடாக்கித் தருவார்கள் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அது தப்பு. ஜுன்மாய், யமஹாய் வகைகளில் பல 40 டிகிரிக்கு மேல் போனால் நன்றாக வாய் திறக்கும். டாய்கின்ஜோவை மட்டும் சூடாக்க வேண்டாம், கொடுத்த காசு ஆவியாகப் போய்விடும். புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க: சாதாரணமாக 15, 16 சதவீத ஆல்கஹால், பீர் வேகத்தில் ஏற்றினால் ஆளைக் கவிழ்த்துவிடும். இடையிடையே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கிஜோஷு குடித்தவர் யாராவது உண்டா? தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாக சாக்கேவையே ஊற்றி வடிப்பது. தேன் மாதிரி இனிக்கும் என்கிறார்கள். எதோடு சாப்பிட்டீர்கள்?