கைடிங் வரைபடம் சீராக ஓடுகிறது, விண்மீன்கள் மட்டும் நீள்கின்றன: எங்கே தவறு?

கேள்வி

தெளிவான இரண்டு இரவுகள் வீணாகிவிட்டன. குதிரைத்தலை நெபுலாவைப் படம் எடுக்கிறேன். 800 மி.மீ. குவியத் தொலைவுள்ள நியூட்டோனியன் தொலைநோக்கி, அதன் முதுகில் 240 மி.மீ. கைடு ஸ்கோப் (ஒரு விண்மீனைக் கண்காணித்து, தொலைநோக்கியின் நகர்வைத் திருத்திக்கொண்டே இருக்கும் 'கைடிங்' வேலைக்கான சிறு தொலைநோக்கி). முதன்மைக் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான். கைடிங்கை நடத்தும் பிஎச்டி2 மென்பொருள் தன் வரைபடத்தில் காட்டும் மொத்தப் பிழை 0.7 வில்நொடிதான் (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). ஆனாலும் 5 நிமிடப் படங்களில் விண்மீன்கள் நெல்மணி போல நீண்டிருக்கின்றன. 1 நிமிடப் படங்களில் வட்டமாகவே இருக்கின்றன. துருவ ஒழுங்கை (சுழலும் அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்பதை) மூன்று முறை திருத்தினேன், எடைச் சமநிலையைச் சரிபார்த்தேன். எதுவும் மாறவில்லை. தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

முதல் பதில்

மவுண்டைச் சுழற்றும் வார்ம் கியரின் (திருகுப் பற்சக்கரத்தின்) சுழற்சிப் பிழையாக இருக்கலாம். சக்கரத்தில் 180 பற்கள் என்றால் சுமார் 479 வினாடிக்கு ஒருமுறை அது திரும்பி வரும். கைடு கேமராவின் ஒளியேற்ற நேரத்தை அரை வினாடியாகக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டாம் பதில்

மவுண்ட் மீது பழி போடாதீர்கள். சுழற்சிப் பிழை இவ்வளவு பெரிதாக இருந்தால் வரைபடத்திலேயே அலையாகத் தெரிந்திருக்கும். அரை வினாடிக்குக் குறைத்தால் மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்தத் தொடங்கும். 2 அல்லது 3 வினாடியிலேயே விடுங்கள்.

ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். மையத்திலும் நான்கு மூலைகளிலும் நீட்சி ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கிறதா? துருவ ஒழுங்கில் பிழை இருந்தால் கைடு விண்மீனை மையமாக வைத்துப் படமே சுழலும். மூலைக்கு மூலை நீட்சி மாறும். எங்கும் ஒரே மாதிரி என்றால் கைடு ஸ்கோப் பெரிய குழாயை விட்டுத் தனியாக நகர்கிறது என்று சந்தேகிக்கிறேன். கைடிங் தன் கேமராவில் விழும் விண்மீனை மட்டுமே அசையாமல் பிடிக்கும். பெரிய தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது.

டிதரிங்கை (படத்துக்குப் படம் தொலைநோக்கியை வேண்டுமென்றே சற்று நகர்த்துவதை) நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் 1 நிமிடப் படங்களாக எடுங்கள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்

செய்தேன். எங்கும் ஒரே திசைதான். ஒரு மணி நேரத்தில் 70 பிக்சல் நகர்ந்திருக்கிறது! வரைபடமோ அந்த நேரம் முழுவதும் அமைதியாக இருந்தது.

இரண்டாம் பதிலளித்தவர்

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. 206.265 என்ற மாறிலியைப் பிக்சல் அளவான 3.76 ஆல் பெருக்கி, குவியத் தொலைவான 800 ஆல் வகுத்தால் பிக்சலுக்கு 0.97 வில்நொடி. 70 பிக்சல் என்பது 68 வில்நொடி. 5 நிமிடத்தில் கிட்டத்தட்ட 6 பிக்சல் இழுபடும். 1 நிமிடத்தில் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல், அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

கைடு ஸ்கோப்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகு முனைகளில் பிளாஸ்டிக் இருந்தால் அது நசுங்கும். கைடு கேமரா ஒரே திருகில் நிற்கிறதா, கேபிள் தொங்குகிறதா என்றும் கவனியுங்கள். அங்கெல்லாம் உறுதி என்றால்தான் முதன்மைக் கண்ணாடியையும், குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகஸரையும் சந்தேகிக்க வேண்டும்.

கேட்டவர்

கேபிள்தான்! கைடு கேமராவின் கேபிள் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. தொலைநோக்கி மேற்கே சாயச் சாய அது கேமராவைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. ஒற்றைத் திருகும் தளர்ந்திருந்தது. கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன், திருகு வளையத்துக்குப் பதிலாக முழுவதும் இறுகப் பிடிக்கும் வளையம் போட்டேன். நேற்றைய சோதனையில் ஒரு மணி நேரத்துக்கு 9 பிக்சல்தான். 5 நிமிடப் படத்திலும் ஒரு பிக்சலுக்குக் குறைவு. நெபுலாவின் குதிரை முகம் முதல்முறையாகக் கூர்மையாக விழுந்திருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இரண்டாம் பதிலளித்தவர்

மிக்க மகிழ்ச்சி. 10 நிமிடப் படங்களுக்குப் போகும்போது ஆஃப் ஆக்சிஸ் கைடரை யோசியுங்கள். பெரிய தொலைநோக்கியின் ஒளியிலிருந்தே கைடு விண்மீனை எடுப்பதால், கண்ணாடி அசைந்தாலும் அது பார்த்துத் திருத்தும். இப்போதைக்குத் தேவையில்லை, இந்த மாதம் படம் எடுங்கள்.