தூத்துக்குடி வீட்டுக் கம்ப்யூட்டரும் குடும்பக் குரூப்பும்

பெரியப்பா, காலை 8:41
கார்த்தி, கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்கு. சுவிட்சு போட்டா உள்ள ஃபேன் சுத்துது, திரை மட்டும் இருட்டு. போன வாரம் பூரா நடுநடுவுல அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு, மவுஸ் கூட அசையல.

மணி மாமா, காலை 8:43
[படம்: இனிய ஞாயிறு காலை வணக்கம்]

மணி மாமா, காலை 8:44
அத்தான், அது வைரஸ்தான். ஃபார்மட் அடிச்சிருங்க, சரியாயிரும்.

கார்த்தி, காலை 8:52
மாமா, திரையே வரல, எதுல ஃபார்மட் அடிக்க? வைரஸ் சேட்டையெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் ஏறுனதுக்கு அப்புறந்தான். இது அதுக்கும் முன்னாடியே நிக்குது.

கார்த்தி, காலை 8:52
பெரியப்பா, ஆன் பண்ணதும் பீப்னு ஏதும் சத்தம் வருதா?

பெரியம்மா, காலை 8:55
வருதுய்யா. நீளமா ஒண்ணு, கொஞ்சம் விட்டு மறுபடி ஒண்ணு. அடுத்த வீட்டுல வண்டி ரிவர்ஸ் எடுக்காகளோன்னு எட்டிப் பாத்தேன்.

கார்த்தி, காலை 8:57
சத்தம் வந்தா நல்லதுதான் பெரியம்மா, போர்டுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனா விடாம நீளமா அடிச்சா முதல் சந்தேகம் ராம் மேலதான், அதான் கம்ப்யூட்டரோட தற்காலிக மெமரி.

பெரியப்பா, காலை 8:58
கடைக்காரர் நேத்து வந்து பாத்துட்டு மதர்போர்டு போச்சு, புதுசா ஒரு செட்டு எடுத்துருங்கன்னுட்டுப் போனாரே?

கார்த்தி, காலை 8:59
மூடியக் கழத்திப் பாத்தாரா?

பெரியப்பா, காலை 8:59
இல்ல.

சுதா அத்தை, காலை 9:00
நல்லா இருக்கு கதை 😡 அண்ணே, காசு ஏதும் குடுத்திராதீக.

கார்த்தி, காலை 9:04
பெரியப்பா, கரண்ட் வயர முதல்ல பிடுங்குங்க. பிடுங்குன பிறகு ஆன் பட்டன ஒரு பத்துப் பதினஞ்சு செகண்டு அமுக்கிப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்க கரண்ட் வடிஞ்சிரும். இடது பக்கத் தகட்டக் கழத்திட்டு ஒரு போட்டோ போடுங்க.

பெரியப்பா, காலை 9:21
[படம்]

பிரியா, காலை 9:22
அய்யோ அப்பா, உள்ள ஒட்டடையே கட்டியிருக்கு 😂

கார்த்தி, காலை 9:25
ஃபேன் பக்கத்துல நெட்டக்குத்தலா ரெண்டு பச்சைப் பட்டை நிக்குதுல்லா, அதான் ராம். ரெண்டு முனையிலயும் கிளிப் இருக்கும், வெளிப்பக்கமாத் தள்ளுனா பட்டை தானா மேல வரும். தொடுறதுக்கு முன்னாடி கேபினெட்டோட இரும்புல ஒரு தடவ கை வைங்க. அடியில தங்கக் கலர்ல பல்லு வரிசை மாதிரி இருக்கும், அத மட்டும் விரல் படாமப் பாத்துக்கோங்க.

கார்த்தி, காலை 9:26
பிள்ளைக பென்சிலுக்கு வச்சிருக்க வெள்ள ரப்பர் போதும். அந்தத் தங்கக் கலர மெதுவா ரெண்டு பக்கமும் தேயுங்க. இங்க் ரப்பர் வேண்டாம், சொரசொரன்னு சுரண்டிரும். ரப்பர்த் தூள பிரஷ்ஷால தட்டிட்டு, ஒரே ஒரு பட்டைய மட்டும் மாட்டி ஆன் பண்ணிப் பாருங்க. நடுவுல வெட்டு ஒண்ணு இருக்கும், அது சரியா உக்காந்தாத்தான் இறங்கும். ரெண்டு கிளிப்பும் டக்குன்னு மூடணும்.

மணி மாமா, காலை 9:27
ரப்பர் போட்டு அழிச்சா உள்ள இருக்கது அழிஞ்சிராதா?

பிரியா, காலை 9:27
🤣🤣🤣

கார்த்தி, காலை 9:29
அழியாது மாமா. ராம்ல எதுவும் தங்காது, கரண்ட் போனாலே காலி. படமெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு.

கார்த்தி, காலை 9:30
நம்ம ஊரு உப்புக் காத்துக்கு இது சகஜம். கடற்கரைப் பக்கம் எந்த வீட்டுல மூடியத் தெறந்தாலும் காண்டாக்ட்ல கறுப்புப் படிஞ்சிருக்கும். கோயம்புத்தூர்ல எனக்கு இவ்வளவு வர்றதில்ல.

பெரியப்பா, காலை 9:58
வந்துட்டு!! விண்டோஸ் வந்துட்டு. ஆனா தேதி 2012 காட்டுது. பேங்க் சைட்டத் தெறந்தா இணைப்பு பாதுகாப்பில்லங்கு.

கார்த்தி, காலை 10:01
தேதிய ஞாபகம் வச்சிருக்கது போர்டுல இருக்க பட்டன் பேட்டரி, அது தீந்திருக்கும். சிஆர்2032ன்னு கேளுங்க, 3 வோல்ட்டு, வாட்ச் கடையில கூடக் கிடைக்கும். தேதி தப்பா இருந்தா சைட்டோட சான்றிதழ் காலக் கணக்கு ஒத்துவராது, அதான் அப்படிச் சொல்லுது. இப்போதைக்கு தேதிய மட்டும் மாத்துங்க.

பெரியம்மா, காலை 10:02
நீ சாப்ட்டியாய்யா?

கார்த்தி, காலை 10:02
இட்லி பெரியம்மா.

பெரியப்பா, காலை 10:31
மறுபடி நின்னுட்டு. ரெண்டு நிமிசம் கழிச்சு தானா அசையுது. காது வச்சுக் கேட்டா உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம்.

கார்த்தி, காலை 10:33
பெரியப்பா, இனி வேற எதுவும் செய்ய வேண்டாம். அந்தச் சத்தம் ஹார்ட் டிஸ்க். பிரியா கல்யாண வீடியோ அதுலதான கெடக்கு?

பிரியா, காலை 10:34
ஆமா அதுல மட்டுந்தான் 😰 தாத்தா போட்டோவும்

மணி மாமா, காலை 10:35
அப்ப ஃபார்மட்?

சுதா அத்தை, காலை 10:35
ஏ மணி, நீ செத்த சும்மா இருக்கியா?

கார்த்தி, காலை 10:38
கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கு. இறக்கிப் போட்டுட்டு முதல் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க.

பெரியப்பா, காலை 10:56
[படம்]

கார்த்தி, காலை 10:58
மஞ்சக் கலர்ல காஷன்னு வருது, எச்சரிக்கைன்னு அர்த்தம். சி5 வரிசையிலயும் எண்ணிக்கை ஏறியிருக்கு, டிஸ்க்ல சில இடத்த படிக்க முடியலன்னு அர்த்தம். அந்த இடத்துல மாட்டும்போதுதான் எல்லாம் நின்னு போகுது. ஃபார்மட்டால இது சரியாகாது. டிஸ்க் செக் கமாண்டும் இப்ப வேண்டாம், முழு டிஸ்க்கையும் போட்டுத் துருவும், இருக்கதும் போயிரும்.

கார்த்தி, காலை 11:00
பிரியா விட்டுட்டுப் போன எக்ஸ்டர்னல் டிஸ்க்க மாட்டுங்க. முதல்ல தாத்தா போட்டோ ஃபோல்டர், அப்புறம் கல்யாணம், வீட்டுப் பத்திர ஸ்கேன். ஒவ்வொண்ணா. காப்பி மட்டும், கட் பண்ணிராதீங்க. ஏதாவது ஒரு ஃபைல்ல நின்னா ஸ்கிப் குடுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

பெரியப்பா, மாலை 3:47
தாத்தா போட்டோ எல்லாம் வந்துட்டு. கல்யாண வீடியோவுல ரெண்டு வரல, ஸ்கிப் குடுத்துட்டேன்.

பிரியா, மாலை 3:48
எந்த ரெண்டு?

பெரியப்பா, மாலை 3:50
ரிசப்ஷன்ல மணி டான்ஸ் ஆடுனது.

பிரியா, மாலை 3:50
🙏🙏🙏

மணி மாமா, மாலை 3:51
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி, மாலை 3:55
😂 பெரியப்பா, இப்ப ஷட்டவுன் பண்ணிருங்க, நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ண வேண்டாம். அந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா மாட்ட சாட்டா எஸ்எஸ்டி 500 ஜிபி ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட வழக்கமான அப்டேட் முடிஞ்சு போச்சு, உங்க மூணாம் தலைமுறை ஐ3 பிராசசர் விண்டோஸ் 11க்குத் தகுதிப் பட்டியல்லயே இல்ல. அதனால விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச சிஸ்டம் போட்டுத் தாறேன். உங்களுக்குப் பேங்கும் பேப்பரும் யூடியூபுந்தான, அதுக்கு இது தாராளம்.

பெரியப்பா, மாலை 3:58
சீட்டாட்டம் இருக்குமால அதுல?

கார்த்தி, மாலை 3:58
தனியா இறக்கிப் போட்டுத் தாறேன் பெரியப்பா. வெள்ளிக்கிழம ராத்திரி பஸ் ஏறுறேன்.