புதுப்பிப்பு: அங்கீகாரத்தில் அம்மா எங்கே?

அன்பு, உரிமை, சமூக மதிப்பு என்னும் மூன்று வழிகளில் பிறர் நம்மை ஏற்கும்போதுதான் (இந்த ஏற்பே ‘அங்கீகாரம்’) தன்னாட்சி, அதாவது நம் வாழ்வை நாமே தீர்மானிக்கும் திறன், உருவாகிறது என்ற ஜெர்மன் தத்துவவாதி ஆக்சல் ஹொன்னெத்தின் வாதத்தைச் சென்ற இழையில் விளக்கியிருந்தேன். பெண்ணியர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று பலர் கேட்டீர்கள்.

எனக்கு முக்கியமானவர் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஜெசிகா பெஞ்சமின். 1988-இல் வெளியான நூலில் அவர் தாய்–குழந்தை உறவிலிருந்து தொடங்குகிறார். குழந்தையின் தேவையை நிறைவேற்றும் ஒருத்தியாக மட்டும் தாயைப் பார்த்தால், அவளுக்கென்று விருப்பமும் கோபமும் உண்டு என்பது மறைந்துபோகிறது. தனக்கென ஒரு மையம் இல்லாதவள் தரும் அங்கீகாரத்துக்கு என்ன மதிப்பு? ஆதிக்கத்தின் வேரை அவர் இங்கேதான் தேடுகிறார். தியாகத் தாயைப் போற்றும் நம் மேடைப்பேச்சாளர்கள் இதை ரசிக்க மாட்டார்கள்!

தத்துவவாதி செய்லா பென்ஹபீப், உரிமை உள்ள பொதுவான மனிதரோடு, வரலாறும் தேவைகளும் கொண்ட குறிப்பிட்ட மனிதரையும் அறநெறி காண வேண்டும் என்கிறார். எல்லோருக்கும் பொருந்தும் நெறி என்ற பொதுமையை அவர் கைவிடவில்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃபிரேசரோ, உளவியலை விட்டுவிட்டுச் சமூக வாழ்வில் எல்லோரும் சமமாகப் பங்கேற்க முடிகிறதா என்று பாருங்கள் என்கிறார். சட்டம், கூலி பற்றிய விவாதங்களில் அது கூர்மையான அளவுகோல். வீட்டுக்குள் நடக்கும் மௌனமான அவமதிப்பைப் பேச எனக்குப் பெஞ்சமினே கைகொடுக்கிறார்.