ஆக்ஸ்ஃபோர்டு – கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி: கரையில் நின்று பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்)

ஹாமர்ஸ்மித் கரை:
"அரை நிமிஷம் படகு போறதைப் பார்க்க அரை நாள் கால் கடுக்க நிக்கணுமா?" என்று வருஷா வருஷம் யாராவது கேட்கிறார்கள். இடம் தப்பாக இருந்தால் அப்படித்தான் முடியும். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் புட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கி.மீ. தூரத்தை ஆண்கள் அணிகள் 17, 18 நிமிஷத்தில் முடித்துவிடும். அதாவது மணிக்குச் சுமார் 24 கி.மீ. வேகம். மரங்களுக்கு நடுவே 200 மீட்டர் ஆறு மட்டும் தெரிகிற இடமென்றால் உங்களுக்குக் கிடைப்பது அந்த அரை நிமிஷம்தான்.

வளைவு திறந்து தெரியும் இடத்தைப் பிடியுங்கள். ஹாமர்ஸ்மித் பாலத்தைத் தாண்டியதும் வடகரையில் ஃபர்னிவல் கார்டன்ஸ் இருக்கிறது. பாலத்துக்கு அடியிலிருந்து படகுகள் வெளிவருவது முதல் சிஸ்விக் தீவுப் பக்கம் போய்ச் சிறுத்து மறைவது வரை தெரியும். பெரிய திரையும் வழக்கமாக வைப்பார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் பார்ன்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில் ட்யூக்ஸ் மெடோஸ் போகலாம். புட்னியில் தொடக்கம் மட்டும்தான் கிடைக்கும். முடிவுக்கோடு சிஸ்விக் பாலத்துக்குச் சற்று முன்னால். அங்கே யார் ஜெயித்தார்கள் என்று தெரியும், எப்படி ஜெயித்தார்கள் என்று தெரியாது.

இன்னொன்று: அன்றைக்கு ஒரு போட்டி அல்ல, நான்கு. முதலில் பெண்கள், பிறகு பெண்கள் ரிசர்வ் அணிகள் (ஒசைரிஸ் – ப்ளாண்டி), ஆண்கள் ரிசர்வ் அணிகள் (ஐசிஸ் – கோல்டி), கடைசியில் ஆண்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள். முதல் போட்டியிலிருந்தே நில்லுங்கள். கடைசிப் படகுக்கு மட்டும் வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

காக்ஸ் இருக்கை:
இடத்தைச் சொல்லியாகிவிட்டது. எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். "யார் முதலில் முந்துகிறார்களோ அவர்களே ஜெயிப்பார்கள், போரடிக்கும்" என்ற பேச்சு பாதிதான் உண்மை.

இது நேர்த்தடம் கிடையாது. ஆறு S போல வளைகிறது, கடல் ஏற்றம் உள்ளே வரும் நேரத்தில் அந்த ஓட்டத்தோடு மேல்நோக்கித் துடுப்பு வலிக்கிறார்கள். அதனால்தான் போட்டி நேரம் ஒவ்வொரு வருஷமும் மாறுகிறது. ஏற்றம் உச்சத்துக்கு வருமுன், நீர் நன்றாக ஓடும்போது தொடங்கியாக வேண்டும். நாணயம் சுண்டி ஜெயிப்பவர் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். வடபக்கம் மிடில்செக்ஸ், தென்பக்கம் சர்ரே. முதல் வளைவும் கடைசி வளைவும் மிடில்செக்ஸுக்கு உள்வட்டம். நடுவில் ஹாமர்ஸ்மித்தைச் சுற்றிப் போகும் நீண்ட வளைவு சர்ரேக்கு.

கணக்கு இப்படி: மிடில்செக்ஸ் அணி முதல் வளைவின் உதவியோடு ஹாமர்ஸ்மித் பாலத்துக்குள் ஒரு படகு நீளத்துக்கு மேல் இடைவெளி எடுத்துவிட்டால், எதிரணிக்கு முன்னால் போய் நல்ல ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அதன் பிறகு பின்னால் இருப்பவர்களுக்கு முன்படகு கிளப்பும் அலைதான் மிச்சம். சர்ரே அணி அதுவரை ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால் நீண்ட வளைவு அதற்குச் சாதகமாகிவிடும். பாலத்துக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருக்கிறதா, படகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். போட்டியின் பாதி விடை அங்கே.

ஓட்டம் வலுவாக இருப்பது ஆற்றின் நட்டநடுவில் அல்ல, ஆழம் போகும் வழியில். அது ஒரு கீற்று. இரண்டு காக்ஸும் (படகைத் திருப்பி வழிநடத்துபவர்கள்) அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். அம்பயர் பின்னால் லாஞ்சில் (மோட்டார் படகில்) நின்று, தன் பக்கத்தை விட்டு நகர்கிற அணியைப் பெயர் சொல்லி அழைத்து, வெள்ளைக் கொடியால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுவார். தன் தண்ணீரில் இருக்கும் அணியோடு துடுப்பு உரசினால், தப்பு வெளியே வந்தவர் மேல். 1849 டிசம்பர் போட்டி மட்டும்தான் இதுவரை ஃபவுலில் முடிவானது.

ஏழாம் நம்பர்:
உரசல் என்றால் டிவியில் சும்மா தட்டிக்கொண்ட மாதிரி தெரியும். உள்ளே நடப்பது வேறு. துடுப்பு 3.7 மீட்டர் அளவு. அலகு (துடுப்பின் தட்டையான முனை) நீரிலிருந்து எழும் நொடியில் எதிராளியின் அலகு மோதினால் கோணம் திரும்பிவிடும். திரும்பிய அலகை நீர் கீழே இழுக்கும், படகு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், கைப்பிடி நெஞ்சிலோ வயிற்றிலோ வந்து அடிக்கும். இதைத்தான் 'க்ராப்' என்கிறார்கள். சின்னதாக இருந்தால் ஒரு ஸ்ட்ரோக்கோடு போய்விடும். பெரியதாக இருந்தால் ஆள் மல்லாந்து படுத்துக் கைப்பிடியைத் தலைக்கு மேலே விட்டுத்தான் தப்பிக்க முடியும். துடுப்பு படகோடு ஒட்டிக் கிடக்கும், எட்டுப் பேரும் நிறுத்த வேண்டியதுதான்.

2025 பெண்கள் போட்டியில் உரசலுக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் க்ராப் விழுந்தது. அம்பயர் மேத்யூ பின்சென்ட் நிறுத்தி மறுபடி தொடங்க வைத்தார், கேம்பிரிட்ஜ் ஜெயித்தது. 2012இல் இன்னும் மோசம். ஒருவர் ஆற்றில் குதித்துப் படகுகளுக்குக் குறுக்கே நீந்த, போட்டி நின்றது. மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மோதல், ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு துடுப்பு அலகு முறிந்தது. ஏழு துடுப்போடு எட்டுத் துடுப்பை முந்த முடியாது. நீந்தியவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. உயர்குடித்தனத்தை எதிர்க்கிறேன் என்றார் அவர். அந்தக் கருத்தோடு ஒத்துப்போகிறவர்கள்கூட, வேகமாக வரும் படகின் கூர்முனைக்கும் எட்டு அலகுக்கும் முன்னால் ஒரு தலை இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். துடுப்பு வலிப்பவர்கள் எட்டுப் பேரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் பார்ப்பவர் காக்ஸ் ஒருவர்தான், அவரும் படகின் வால்முனையில் இருக்கிறார்.

நீரோட்டம்:
படகு ஏன் மூழ்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கடல் ஏற்றம் மேற்கு நோக்கிப் போகிறது. தென்மேற்குக் காற்று எதிரே வந்தால் அலை நிமிர்ந்து நிற்கும், குறிப்பாக சிஸ்விக் தீவு தாண்டிய திறந்த பகுதியில். எட்டுப் பேர் வலிக்கும் இந்த 'எட்டர்' படகின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தால் அதிகம். வெறும் படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ. உள்ளே 100 லிட்டர் தண்ணீர் ஏறினால் படகின் எடை இரட்டிப்பு, அதுவும் முன்னும் பின்னும் உருண்டு சமநிலையைக் கெடுக்கிற எடை. படகு தாழும், அடுத்த அலை இன்னும் சுலபமாக உள்ளே வரும். 1912இல் இரண்டு படகுமே மூழ்கின. 1978இல் கேம்பிரிட்ஜ் பார்ன்ஸ் பாலத்துக்கு அருகே மூழ்கியது.

இப்போது காற்று நாளில் ரிக்கர் (துடுப்பைத் தாங்கும் சட்டம்) பக்கம் அலைத்தடுப்பு ஒட்டுவார்கள், மின்பம்பு வைப்பார்கள். 2016 பெண்கள் போட்டியில் கேம்பிரிட்ஜ் படகு பாதி நீரில் அமிழ்ந்தும் கரை சேர்ந்தது. தோற்ற அணிதான், ஆனால் கரையிலிருந்த கைதட்டல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி கேட்பவர்:
எல்லாம் சரி. என் ஆட்சேபம் வேறு. இரண்டே பல்கலைக்கழகம், அதற்கு இவ்வளவு கொண்டாட்டம் எதற்கு?

ஏழாம் நம்பர்:
இதன் பிறப்பே ஒரு சவால். 1829இல் ஹென்லியில் முதல் போட்டி. கேம்பிரிட்ஜ் கூப்பிட்டது, ஆக்ஸ்ஃபோர்டு ஜெயித்தது. 1845இலிருந்து புட்னி – மோர்ட்லேக், 1856இலிருந்து போர்க்காலமும் 2020உம் தவிர வருஷந்தோறும். 2021இல் மட்டும் ஈலிக்குப் போனார்கள். கோவிட் ஒரு காரணம், ஹாமர்ஸ்மித் பாலத்தின் பழுதடைந்த நிலை இன்னொன்று. மற்ற பல்கலைக்கழகங்களுக்கு வேறு போட்டிகள் இருக்கின்றன, இதில் சேர்க்கச் சொல்வது இரண்டு ஊர்க்காரர்கள் பந்தயத்தில் மூன்றாம் ஊரைச் சேர்க்கச் சொல்வது போல.

நியாயமான குறை எது என்றால், பெண்களை 2015 வரை இந்த ஆற்றுத்தடத்துக்கு வெளியே வைத்திருந்தது. 1927இலேயே அவர்கள் போட்டி போட்டார்கள். அப்போது இரு படகும் பக்கத்தில் பக்கத்தில் ஓட அனுமதி இல்லை, பாணிக்கும் நேரத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். இவ்வளவு தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

அதே மாதிரி 2025 தகுதிச் சண்டை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படிப்பு 'பட்டம்' அல்ல என்று சொல்லி கேம்பிரிட்ஜ் மாணவர்களைத் தடுத்தார்கள். அதே வருஷம், டோக்கியோ ஒலிம்பிக் எட்டரில் நியூசிலாந்துக்காகத் தங்கம் வென்ற டாம் மேக்கின்டோஷ் ஆக்ஸ்ஃபோர்டு படகில் இருந்தார். ஒலிம்பிக் வீரருக்கு இடம் உண்டு, பள்ளிக்கூட வாத்தியாராகப் படிக்கிறவருக்கு இல்லை என்று மக்கள் கோபப்பட்டது சரியான கோபம். விதியில் வார்த்தை இருக்கலாம், மனசாட்சி அதில் இல்லை.

நீரோட்டம்:
ஆற்றுச் சுத்தம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2024இல் ரிவர் ஆக்‌ஷன் அமைப்பு எடுத்த மாதிரிகளில் ஈ. கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) அளவு மிக அதிகம். ஜெயித்த அணி காக்ஸைத் தண்ணீரில் தூக்கிப் போடும் பழக்கத்தையே அந்த வருஷம் கைவிடச் சொன்னார்கள். லண்டன் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போகின்றன, பலத்த மழையில் நிரம்பி ஆற்றில் வழிகிறது. கடல் ஏற்ற இறக்கத்தால் அந்தத் தண்ணீர் ஒரே நாளில் கடலுக்குப் போய்விடாது, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். ஆக்டனில் தொடங்கும் 25 கி.மீ. புதிய சுரங்கக் குழாய் 2025 பிப்ரவரியில் முழுதாக இணைக்கப்பட்டது. வழிவு குறையும். மேல்நீரோட்டத்திலிருந்து வருவதை அது தடுக்காது. குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்கள்: கையை ஆற்றில் அலம்ப விடாதீர்கள், காயம் இருந்தால் பிளாஸ்டர் போட்டு மூடுங்கள், சாப்பிடுமுன் கையைச் சுத்தம் செய்யுங்கள்.

ஹாமர்ஸ்மித் கரை:
நீர் ஏறுவது பற்றி யாரும் சொல்லவில்லை. ஆண்கள் போட்டி முடிந்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கும். பெரிய ஏற்ற நாளில் சிஸ்விக் மால் சாலையும் புட்னி எம்பாங்க்மென்டும் நீருக்குள் போகும். அங்கே கார் நிறுத்தினால் இன்ஜினுக்குள் தண்ணீர்தான். படிக்கட்டில் இறங்கி நிற்கிறவர்கள், படகுகளுக்குப் பின்னால் வரும் லாஞ்ச் கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அவை போன பத்து இருபது நொடி கழித்துத்தான் அலை கரையை அடிக்கும், முழங்கால் வரை நனையும். சர்ரே பக்கத்துக் கரையோரப் பாதை சேறு. பழைய ஷூ போட்டு வாருங்கள். ஹாமர்ஸ்மித், பார்ன்ஸ் பாலங்களில் நின்று பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், போட்டி நேரத்தில் வழக்கமாக மூடிவிடுவார்கள். எந்தக் கரை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

கேள்வி கேட்பவர்:
வடகரை என்றால் எந்த ஸ்டேஷன்?

ஹாமர்ஸ்மித் கரை:
ஃபர்னிவல் கார்டன்ஸுக்கு ஹாமர்ஸ்மித் அல்லது ரேவன்ஸ்கோர்ட் பார்க். இரண்டாவதில் கூட்டம் குறைவு, நடையும் அதிகமில்லை.